அண்ணனிடம் சொன்ன ஒரு வாக்கியம்

சேலத்துக் கல்லூரியில் நான் சரித்திரம் நடத்திய காலத்தில், பக்கத்து வீட்டு நண்பர் தர்க்கம் நடத்தினார். சீமையில் படித்தபோது அவர் எழுதிய புத்தகத்தை அங்கே பெரிய படிப்பாளிகள் இன்னும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். யார், எப்போது, எந்தக் குரலில் சொன்னாலும் வாக்கியத்தின் பொருள் மாறாது என்பது அதன் சாரம். அதற்கு இரண்டாம் பாகத்தை, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சேலத்து வெயிலில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு கோடையில் எங்கள் இருவரையும் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அசெசர்களாக அழைத்தார்கள். விசாரணையைக் கேட்டு, நீதிபதியிடம் எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும்.

ஜேடர்பாளையத்துக் குடியானவர் ஒருவர் வாய்க்காலில் பிணமாகக் கிடந்தார். முதல் நாள் தண்ணீர் விடும் முறைக்காகத் தம்பியோடு சண்டை. “உன்னய இந்த வாய்க்கால்லயே கொன்னுபோடுவேன்” என்று தம்பி சொன்னதை ஊரே கேட்டிருந்தது. வேறு சாட்சியம் இல்லை. தம்பியைத் தண்டிக்க அந்த வாக்கியமே போதும் என்றார் சர்க்கார் வக்கீல். இறந்தவரின் மனைவியும், கொழுந்தன் அப்படிச் சொன்னது உண்மைதான் என்றாள்.

அவள் கூண்டிலிருந்து இறங்கப் போனபோது, நண்பர் நீதிபதியிடம் அனுமதி வாங்கி ஒரு கேள்வி கேட்டார்.

“வேற எப்பவாவது இப்படிச் சொல்லியிருக்காராம்மா?”

“எப்பவும் அதேதானுங்க சாமி. சோறு போடத் தாமசமானா என்னையுங் கொன்னுபோடுவேம்பாரு. எம் பையனத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு அவனையுங் கொன்னுபோடுவேம்பாரு.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அசெசர்கள் எல்லோரும் குற்றவாளி இல்லை என்றோம். நீதிபதியும் ஏற்றுக்கொண்டார்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் நண்பர் சொன்னார்: “அவன் கொன்னிருக்கவும் கூடும். ஆனா அந்த வாக்கியம் அதைச் சொல்லலை. என் புத்தகத்தை நம்பியிருந்தா அவனைத் தூக்கில போட்டிருப்போம்.”

இரண்டாம் பாகம் அதோடு நின்றது. முதல் புத்தகமே தவறு என்று சீமைப் பத்திரிகையில் எழுதினார். கொண்டாடியவர்களே கேலி செய்தார்கள். அதில் மனம் நொந்து சில மாதம் யாரையும் பார்க்காமல் இருந்தார்.

பிறகு அவர் வகுப்பு நடத்தும் விதம் மாறியது. ஓமலூரிலிருந்தும் தம்மம்பட்டியிலிருந்தும் வந்த மாணவர்களை, வீட்டில் கேட்ட பேச்சைச் சொல்லச் சொல்வார். அதை யார் யாரிடம் சொன்னது, கேட்டவர் என்ன செய்தார் என்று துருவுவார். அதிலிருந்து பிறந்த புத்தகம் யுத்தம் முடிந்து அச்சாயிற்று. இன்று அவர் பெயர் நிற்பது அதனால்தான்.

பிரதி வந்தபோது அவருக்குக் கண் பார்வை மங்கியிருந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். இரண்டு பக்கம் தாண்டவில்லை, கையை நீட்டி நிறுத்தினார்.

“இந்த இடம் சரியா வரலை. பேனாவை எடுங்க” என்றார்.