மசினா வீட்டுக் கதவு

கஞ்சம் என்று யார் சொன்னது? சொன்னவளை என் முன்னால் வந்து சொல்லச் சொல்லுங்கள். நாற்பது வருடமாக மசினா வீட்டுக்கு எதிர் வீட்டில் இருக்கிறேன். எங்கள் தீவில் ஊர் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. தூணும் கூரையும்தான், மழை அடித்தால் ஓலைத் தட்டியை இறக்கிவிடுவோம். அவள் என்றைக்கு என்ன சமைத்தாள், யாருக்கு எத்தனை கரண்டி போட்டாள் என்பதெல்லாம் பாயில் படுத்தபடியே நான் பார்த்தது.

சாப்பாட்டு நேரத்தில் பாதையில் போகிறவர்களைக் கூப்பிடாமல் அவள் ஒரு நாளும் வாயில் கவளம் வைத்ததில்லை. கூப்பிடுவாள், உட்காரவைப்பாள், சுட்ட சீமைப்பலாவை முன்னால் வைப்பாள். பிறகு இன்னொரு சீமைப்பலா. மீன் குழம்பு வருகிற நேரத்தில் வந்தவருக்கு வயிற்றில் இடமிருக்காது. அது கஞ்சமா? குடும்பம் நடத்துகிற சாமர்த்தியம் அது. ஒரு டின் மீனில் தேங்காய்ப்பாலும் சேம்பு இலையும் சேர்த்து ஒன்பது பேருக்குப் போடுவாள். சோப்புக் கட்டியைத் தூண்டில் நரம்பால் எட்டாக அறுத்து வெயிலில் காயவைப்பாள். காய்ந்த சோப்பு சீக்கிரம் கரையாது. கொக்கோ வண்டலை மறுபடி கொதிக்கவைப்பாள். மூன்றாம் தடவை கொதித்ததை நானே குடித்திருக்கிறேன். அதில் கொக்கோ இருந்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் சூடாக இருந்தது.

பேச்செல்லாம் அந்தக் கதவால் வந்தது. அந்தக் கதவு எதற்கு வந்தது என்று இப்போது சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை.

அவள் புருஷன் செமிசி எங்கள் ஊர்ப் பேச்சாளர், சபையில் ஊர் சார்பாகப் பேசுகிற பெரியவர். அந்தப் பதவிக்குரிய கோலை ஊன்றி, தேங்காய் நார்ச் சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தால் பக்கத்து ஊர் நாய்கூட வாயை மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு சாவு வீட்டில் கப்பல் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்க்காமல் கடித்தார். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த முன்பற்கள் நான்கும் வந்துவிட்டன. பிஸ்கட் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் விசில் வந்தது. சாவு வீட்டு அழுகையில் யாரும் கவனிக்கவில்லை, ஆனால் ஊரில் தெரிந்தால் சிரிப்பார்கள். சிரிப்பு வந்த இடத்தில் கோல் நிற்காது, அவர் சித்தப்பா மகன் லாஃபாய் கைக்குப் போய்விடும். லாஃபாய் அந்தக் கோலைப் பார்க்கிற பார்வையைப் பசித்தவன் பன்றியைப் பார்க்கிற பார்வை என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே செமிசி சாமரத்தால் வாயை மறைத்துக்கொண்டு, தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டினார். லாஃபாயின் பெண்டாட்டி அசெனாத்தி உடனே இலைச்சாறு அரைத்துக் கொண்டுவந்தாள். பச்சையாக, பாகல்போலக் கசக்கும் சாறு. பாவம், வாரத்துக்கு மூன்று தடவை குடித்தார்.

ஆறு மாதத்தில் போதகரின் புது வீட்டுத் திறப்பு விழா. ஐந்து ஊர் கூடும். யார் என்ன கொடுத்தார்கள் என்று பேச்சாளர்தான் மைதானத்தில் நின்று அறிவிக்க வேண்டும். அதற்குள் பல் வைத்தாக வேண்டும். ஆப்பியா பட்டணத்தில் பல் வைத்தியர் ஐந்நூறு தாலா கேட்டார்.

எங்கள் ஊரில் சேமிப்பது எப்படி என்று கேளுங்கள். கண்ணில் படுகிற பொருளை யாரும் கேட்கலாம், கேட்டால் கொடுத்தாக வேண்டும். சுவரில்லாத வீட்டில் எது கண்ணில் படாது? பிஸ்கட் டின்னில் மசினா முதல் முதலாகச் சேர்த்த அறுபது தாலா, ஒன்றுவிட்ட தம்பியின் படகு மோட்டாருக்குப் போனது. இரண்டாவது தடவை சேர்த்தது அத்தை மகளின் கல்யாணத்துக்குப் போனது. அப்போதுதான் ஆப்பியாவில் ஒரு பழைய கடையை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு கூடை சேம்பங்கிழங்கைக் கொடுத்து ஒரு கதவை வாங்கிவந்தாள். கனமான மரம், பித்தளைக் கைப்பிடி. வீட்டின் பின்மூலையில் பலகை அடைத்து ஓர் அறை கட்டி, அந்தக் கதவை மாட்டினாள். முப்பது வீட்டு ஊரில் குடியிருக்கிற வீட்டுக்குள் அது ஒன்றுதான் கதவு.

உள்ளே என்ன இருந்தது? ஒரு பாய், உடைந்த கண்ணாடித் துண்டு, பிஸ்கட் டின். தினமும் மத்தியானம் செமிசி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உதட்டை மடித்து விசில் வராமல் பேசிப் பழகினார். வெளியே கேட்டது முணுமுணுப்பு மட்டும்.

"உள்ள ஒக்காந்து காசு எண்றாங்க," என்றாள் அசெனாத்தி ஆற்றங்கரையில்.

"தினமும் எண்ற அளவுக்கா இருக்கு?" என்றேன்.

"குட்டி போட்டிருக்கும் அத்தை. நீங்க எதிர்ல இருக்கீங்க, ஒரு தடவையாவது எட்டிப் பாத்துச் சொல்லக் கூடாதா?"

நானும் எட்டிப் பார்த்தவள்தான், மறைக்கவில்லை. சாவித் துவாரத்தில் துணி அடைத்து வைத்திருந்தாள்.

விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் மாதர் சபை கூடி, எந்த வீடு எவ்வளவு என்று பங்கு பிரித்தது. அசெனாத்திதான் தலைவி. வீட்டுக்கு இரண்டு பெட்டி டின் மீன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், "மசினா, அஞ்சு" என்றாள்.

"அக்கா, எல்லாருக்கும் ரெண்டு. எனக்கு மட்டும் எதுக்கு அஞ்சு?"

"ஒன் வீட்டுல கதவு இருக்கே."

"கதவுக்கும் மீனுக்கும் என்ன அக்கா?"

"ஒண்ணுமில்லாத எடத்துக்கு யாராவது கதவு போடுவாளாடி? எங்க வீட்டப் பாரு, தெருநாய் வந்து தூங்குது. மறைக்க ஏதாவது இருந்தாத்தானே மூடத் தோணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஆட்டினேன். மசினா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பல் கதை வெளியே வரும். கேட்கிறவர்கள் கண்ணில் படாமலிருக்கக் கதவு போட்டவளிடம், அந்தக் கதவைக் காட்டியே எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டார்கள். இப்படி ஒரு புத்திசாலித்தனமான முட்டாள்தனத்தை எங்கள் ஊரில்தான் செய்ய முடியும்.

டின்னில் அப்போது ஐந்நூற்றுப் பத்து இருந்தது. ஐந்து பெட்டி மீனுக்கும் அதே விலைதான். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நடந்ததைப் பிற்பாடு மசினாவே எனக்குச் சொன்னாள்.

"மீனையே வாங்கிடு," என்றாராம் செமிசி, விசிலோடு. "கோல லாஃபாய்கிட்ட குடுத்துட்டுப் போறேன். எனக்கும் வயசாச்சு."

"ஒங்களுக்கு வயசானா ஆகட்டும். அஞ்சு மாசமா மூணாந்தண்ணிக் கொக்கோ குடிச்சது யாரு? நானு. பேசாம இருங்க."

"பேசாமத்தான் இருக்கேன் அஞ்சு மாசமா."

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் ஆப்பியா போனார்கள். தொண்டைக்கு மருந்து வாங்க என்று சொன்னார்கள். பிறகும் இரண்டு தடவை போனார்கள். மிஞ்சிய பத்து தாலாவும் சேம்பு விற்ற காசும் பஸ் கட்டணத்துக்குப் போயின. கடைசித் தடவை திரும்பி வந்தபோதும் செமிசி சாமரத்தால் வாயை மறைத்துக்கொண்டுதான் இறங்கினார். டின்னில் மீதி இருந்தது ஒரு பன் வாங்குகிற காசு.

விழா நாள் காலையில் ஊரே வெள்ளை உடுத்து மைதானத்தில் கூடியது. போதகர் வீடு பளபளவென்று நின்றது. முன்வாசலில் மட்டும் பூப்போட்ட படுக்கை விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாசலுக்கு ஆக்லாந்திலிருந்து கதவு வரவழைப்பது அசெனாத்தி வீட்டின் பங்கு. கதவு இன்னும் துறைமுகத்திலேயே கிடந்தது. அந்த வாசலை மசினா முந்தின சாயங்காலமே ஒரு தென்னை ஈர்க்கால் அளந்து பார்த்திருந்தாள் என்பது எங்களுக்கு யாருக்கும் தெரியாது.

எல்லா வீட்டுப் பெட்டிகளும் வந்தாயிற்று. மசினா வரவில்லை. அசெனாத்தி நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

மசினா அந்த அறைக்குள் குந்தியிருந்து, ரொட்டி வெட்டுகிற கத்தியால் கீலில் கடைசித் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றியதையெல்லாம் ஒன்று விடாமல் இடுப்புத் துணியில் முடிந்திருந்தாள்.

"அஞ்சு பெட்டி எங்கடி?"

"இதோ வருது அக்கா. கொஞ்சம் பிடிங்க, சாஞ்சிடும்."

அசெனாத்தி பிடித்தாள். கதவு கையோடு வந்துவிட்டது. பின்னால் அறை திறந்துகிடந்தது. பாய், கண்ணாடித் துண்டு, பிஸ்கட் டின். அசெனாத்தி கதவைத் தூணில் சாய்த்துவிட்டு உள்ளே போய் டின்னைத் தூக்கிக் குலுக்கினாள். ஒற்றை நாணயம் உருண்டது. பாயைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் இன்னொரு பாய்கூட இல்லை.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் அக்கா. வெளிய தெரிஞ்சா எல்லாரும் என்னக் கூப்பிட்டுச் சோறு போட்டிருப்பீங்க. அதுக்கு வெக்கப்பட்டுத்தான் மூடி வச்சேன்."

அசெனாத்தி டின்னைக் கீழே வைப்பதற்குள் மசினா துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து கதவைத் தூக்கி வைத்தோம். சொல்லிவைக்கிறேன், அசெனாத்தியும் ஒரு கை கொடுத்தாள். பித்தளைக் கைப்பிடி வெயிலில் மின்ன, கழுத்து ஆடாமல், மசினா அந்தக் கதவில்லாத வாசலைத் தாண்டி வெளியே நடந்தாள். மைதானத்தில் ஐந்து ஊர்ச் சனமும் திரும்பிப் பார்த்தது. படுக்கை விரிப்புக்குப் பக்கத்தில் நின்ற போதகர் இரண்டடி முன்னால் வந்தார். லாஃபாய் கோலைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்தார்.

அவளுக்குப் பின்னால் செமிசி வந்தார். கோலை ஊன்றினார். சாமரத்தை வாயிலிருந்து எடுத்துத் தோளில் போட்டார்.

"செமிசி வீட்டிலிருந்து," என்றார். விசில் இல்லை. "போதகர் வீட்டு வாசலுக்கு ஒரு கதவு."