மூன்று கேபிளும் ஒரு பிளேயரும்

எங்கள் யார்டில் எந்த லோரிக்காரருக்குப் போன் மக்கர் செய்தாலும் முதலில் என்னிடம்தான் வருவார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் ஏற்றக் காத்திருக்கும் வரிசை சில நாள் மூன்று மணி நேரம் அசையாது. மற்றவர்கள் ஸ்டீயரிங்மேல் தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள். நான் போன் செய்திகள் படிப்பேன். எந்தப் புதுப் போனில் இயர்போன் துளையை எடுத்துவிட்டார்கள், எந்தப் பெட்டிக்குள் சார்ஜரே வைக்காமல் விற்கிறார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஒரு சார்ஜர் கொடுக்க மனசு வராத ஜென்மங்கள்! இப்படி நாலு வார்த்தை திட்டி, படித்ததை லோரிக்காரர்கள் குழுவில் போடுவேன். கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றுதான். "பாட்டு, பிள்ளைங்க போட்டோ எல்லாத்துக்கும் காப்பி எடுத்து வைங்க. போனதுக்கு அப்புறம் ஐயோ அம்மான்னு கத்தாதீங்க."

ஊருக்கு இவ்வளவு சொன்ன வாய், தன் பங்குக்கு ஒரே ஒரு காப்பிகூட எடுக்கவில்லை. காரணம் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு என் மனைவிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி ஒன்றை எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாகத் தேறி வந்தாள். குரல்தான் போய்விட்டது. பேசுவாள், ஆனால் கரகரவென்று இருக்கும். பயிற்சி செய்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்றார் டாக்டர். கிள்ளான் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை என்றால் அவள் எடுத்துக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமை போவாள், யாரும் பாடாத நாளாகப் பார்த்து.

ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து என் போனில் அவளுடைய பழைய பாட்டைச் சின்னதாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அத எல்லாத்தையும் அழிச்சிடுங்க. என்னால கேக்க முடியல."

"இருக்கட்டுமே, நான் கேட்டுக்கிறேன்."

"வேணாங்க. அழிச்சிடுங்க."

அவள் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தேன். "வேற எங்கயாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். "எல்லாம் போச்சு" என்றேன். நாக்கூசாமல் சொன்ன பொய்.

ஏனென்றால் என்னிடம் பழைய பாட்டு பிளேயர் ஒன்று இருந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும், குரலும் பதியும். ஆபரேஷனுக்கு ஒரு வருஷம் முன்பு அதைச் சமையலறை அலமாரியில் சீனி டின்னுக்குப் பின்னால் வைத்து, அவள் பாடுவதை அவளுக்குத் தெரியாமல் பதிந்திருந்தேன். பதினோரு முருகன் பாட்டு. நடுநடுவே குக்கர் விசில். நாலாவது பாட்டில் நான் தண்ணீர் கேட்பதும், "கண்ணு முன்னாடிதானே இருக்கு" என்று அவள் கடுகடுப்பதும்கூட இருக்கும். பிளேயரைக் கறுப்புக் கண்ணாடி வைக்கும் துணிப்பைக்குள் போட்டு லோரி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். போர்ட்டிலிருந்து சுபாங் ஜெயா கிடங்குக்குப் போகும்போது ரேடியோவில் வயர் செருகிக் கேட்பேன். காப்பி எடுத்தால் அது எங்கேயாவது கிடந்து அவள் கண்ணில் பட்டுவிடும் என்று பயம். அதனால் இருந்தது ஒன்றே ஒன்று.

இந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து ஐந்தாறு நாள் இருக்கும். பிளேயர் செத்துப்போனது, சார்ஜும் ஏறவில்லை.

பதறவில்லை. நான்தான் பெரிய நிபுணனாயிற்றே! கேபிள் போய்விட்டது என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மேசை இழுப்பறையில் கிடந்த இன்னொரு கேபிளை எடுத்துச் செருகினேன். உள்ளேயே போகவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் தேடினேன். எல்லாம் புதுப் போனுக்கான மெல்லிய வாய்தான் இருந்தது. "இந்த மாடல்லாம் இப்ப யாரு வெச்சிருக்கா பாஸ்?" என்று சிரித்துக்கொண்டே பெட்டிக்கு அடியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார் கடைக்காரர். அதுவும் ஏறவில்லை. மறுவாரம் போய், மட்டமான சாமானை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டேன். பாவம் அந்த மனுஷன், கேபிளைக்கூட வாங்கிக்கொள்ளாமல் காசைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது கேபிளை ஆன்லைனில் வரவழைத்தேன். அதுவும் பாதியில் நின்றது.

அப்போதுதான் புரிந்தது. கேபிள் இல்லை, பிளேயரே போய்விட்டது. அவளுடைய குரல் இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அதுதான். இனி என் காதில் மட்டும்தான் இருக்கும், அதுவும் எத்தனை நாளைக்கு? லோரியை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். சொல்ல வெட்கமாக இல்லை.

சனிக்கிழமை காலை, நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். அங்கே பூக்கடைகளுக்குப் பின்வரிசையில் போன் கவரும் இயர்போனும் தொங்கும் சின்னக் கடை ஒன்று. முப்பது வயது இருக்கும் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து ரிப்பேர் பார்ப்பார். கை ராசிக்காரர் என்று எங்கள் குழுவில் பேசிக்கொள்வார்கள்.

"சொல்லுங்க அங்கிள்."

எனக்கு இந்த அங்கிள் பிடிக்காது. தலை நரைத்தால் உடனே அங்கிளா? ஆனால் அன்றைக்குக் கோபப்படத் தெம்பில்லை. பிளேயரையும் மூன்று கேபிளையும் கண்ணாடி மேசைமேல் வைத்தேன்.

"மதர்போர்டு போயிருக்கும்னு நெனைக்கிறேன்மா. பேட்டரியும் ஊதியிருக்கலாம். பழைய சாமான்ல இது வழக்கமா வர்ற..."

"இருங்க அங்கிள், மொத பாக்கறேன் லா."

பூதக்கண்ணாடி விளக்கை இழுத்துத் துளைக்குள் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"அங்கிள், இதுக்கு யாரு பொட்டு வெச்சது?"

"என்னது?"

"சார்ஜ் ஓட்டை முழுக்கச் சந்தனம். காஞ்சு சிமெண்ட் மாதிரி ஆயிடுச்சு. மூணு கேபிள் செருகிப் பாத்தீங்க, ஒரு தடவ உள்ள எட்டிப் பாக்கலையா?"

பல்குத்தும் குச்சியால் மெதுவாகச் சுரண்டினார். மேசைமேல் மஞ்சள் தூள் உதிர்ந்தது. அதன் நடுவில் குங்குமச் சிவப்பாக ஒரு துணுக்கு. அந்தப் பிளாஸ்டிக் வாடைக்கு நடுவே கோயில் வாசனை அடித்தது. கேபிளைச் செருகினார். டக்கென்று உள்ளே போனது. திரையில் பேட்டரிப் படம் எரிந்தது.

அப்பாடா! ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அவர் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தார். பதினோரு பாட்டும் வரிசையாக இருந்தது. ஒன்றைத் தட்டினார், குக்கர் விசிலோடு என் மனைவி பாடினாள். "காப்பி இருக்கா அங்கிள்?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றேன். கேட்காமலே ஒரு மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் நல்லா இருக்கட்டும்.

ரயிலில் திரும்பும்போதுதான் மண்டையில் உறைத்தது. ஆயுத பூஜைக்கு யார்டில் எல்லா லோரியையும் கழுவிப் பொட்டு வைப்போம், குடும்பத்தோடு வருவார்கள். எங்கள் லோரிக்குப் பொட்டு வைப்பது எப்போதும் என் மனைவிதான். எதையும் விடமாட்டாள். டயர், கண்ணாடி, ஸ்பேனர், நான் கையெழுத்துப் போடும் பேனா வரைக்கும். நான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே ஏறி இருந்தாள். அப்படியானால் அந்தத் துணிப்பையைத் திறந்திருக்கிறாள். திறந்து, பார்த்து, பொட்டும் வைத்துவிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிள்ளான் வரும்வரை என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்தேன்.

வீட்டில் அவள் சாப்பாட்டு மேசையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"சார்ஜ் ஏறிச்சா?"

பிளேயரை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வருஷ பூஜைக்கே தெரியும். அப்ப அதோட முதுகுல பொட்டு வெச்சேன், நீங்கதான் பாக்கல. இந்த வருஷம் ஓட்டையில போயிடுச்சு போல. நீங்க கேபிள் மேல கேபிளா வாங்குனப்பவே நெனைச்சேன்."

"நெனைச்சு என்ன? சொல்லியிருக்கலாம்ல! பாசார்ல ஒரு மனுஷன வீணா ஏசிட்டு வந்தேன்."

"நீங்க சொன்னீங்களா?"

பிறகு கேட்டேன், "அழிக்கலன்னு கோவம் வரலையா?"

அவள் கீரைத் தண்டை ஒடித்தாள். "அழிக்கச் சொன்னது கோவத்துல சொன்னது. நீங்க என் கண்ணு முன்னாடி ஒவ்வொண்ணா அழிச்சப்ப உள்ளுக்குள்ள செத்துட்டேங்க. அந்தப் பையத் தொறந்தப்பதான் உசுரு வந்துச்சு."

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் புதுப் போனில் இல்லாத இயர்போன் துளை அந்தப் பழைய பிளேயரில் இருந்தது. வயர் இயர்போனில் ஒரு பக்கம் அவள் காதுக்கு, ஒரு பக்கம் என் காதுக்கு. முதல் பாட்டை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நாலாவது பாட்டில் நான் தண்ணீர் கேட்ட இடத்தில் சிரித்தாள். அடுத்த வரி வந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"இங்க சுருதி விலகுது. உங்களாலதான்."

சொல்லிவிட்டு அந்த வரியைத் தானே பாடினாள். கரகரவென்றுதான் வந்தது, பாதியில் மூச்சு வாங்கியது. நிறுத்தி, தொண்டையைச் செருமி, முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினாள். என் கை தானாகப் போனை நோக்கிப் போய், பயந்து பாதியில் நின்றது. பாடிக்கொண்டே அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"பதிங்க" என்றாள். "இதுக்காவது காப்பி எடுத்து வைங்க."