பலகையில் ஒன்பது பாடங்கள்

அந்தச் சலவைக்கடையின் மூன்றாவது மெஷினுக்கு நடக்கத் தெரியும். ஈரத்துணியைப் பிழிவதற்காக அதன் உருளை வேகம் பிடிக்கும்போது முதலில் லேசாக முனகும். பிறகு பேய் பிடித்ததுபோல் குதிக்கத் தொடங்கி, சுவரை விட்டு ஒரு சாண் முன்னால் வந்துவிடும். அப்போது கையில் வேலை இல்லாதவர் ஓடிப்போய் அதன்மேல் உட்கார வேண்டும் என்பது குடும்பத்தில் எழுதாத சட்டம். பெரும்பாலும் அம்மாதான் உட்காருவாள். உட்கார்ந்தபடியே வாடிக்கையாளர்களிடம் கணக்கும் பேசுவாள். குரல் மட்டும் நடுங்கும்.

குதிப்பதுகூட மகளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இன்னும் வேகம் கூடியதும் மெஷின் தானாகவே அடங்கிவிடுகிறதே, அது ஏன்? வேகம் கூடினால் ஆட்டமும் கூடத்தானே வேண்டும்?

அப்பாவிடம் கேட்டாள்.

"குதிச்சுக் குதிச்சு அதுக்கும் களைப்பு வரும்ல?" என்றார் அவர். அவளுக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

ஆராய்ச்சி தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். துண்டுகளைப் போட்டால் மெஷின் எதுவரை நகர்கிறது, ஜீன்ஸ் போட்டால் எதுவரை வருகிறது என்று பார்த்தாள். உருளை சுற்றுவதைப் போனில் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டுச் சுற்றுகளை எண்ணினாள். துணி கனமாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே குதியாட்டம் தொடங்கிவிடுகிறது என்பதுவரை வந்துவிட்டாள். அதற்கு மேல் போக அவளுக்குத் தெரிந்த இயற்பியல் போதவில்லை.

அந்த இயற்பியல் சிறப்புப் பாடத்தில் வரும். கல்லூரி முதலாண்டுக்கு நிகரான பாடங்களைப் பள்ளியில் சிறப்புப் பாடங்கள் என்பார்கள். வாசலில் இருந்த பெரிய பலகையில் அப்படி ஒன்பது பாடங்களின் பெயர் உண்டு. வகுப்பு நடந்ததோ கணிதத்துக்கு மட்டும். இயற்பியலில் சேர அவள் அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த எழுத்தர் சிரித்துவிட்டார்.

"அந்த டீச்சர் போயி எவ்வளவோ நாளாச்சும்மா. பலகையைப் பாத்துட்டா வந்தே?"

அந்த வருஷம் ஆராய்ச்சி பெரிய கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். கேட்பவர்களில் மிகச் சிலருக்கே அங்கே இடம் கிடைக்கும். அவள் பள்ளியிலிருந்து அதுவரை யாரும் அங்கே விண்ணப்பித்ததுகூட இல்லை. அதனால் பள்ளியைப் பற்றிக் கல்லூரி கேட்ட விவரங்களையெல்லாம் தலைமையாசிரியை தாமே உட்கார்ந்து எழுதி அனுப்பினார்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கணினி வழியாகத்தான். கடையின் சத்தத்தில் பேச முடியாது என்று தலைமையாசிரியை தம் அறையையே கொடுத்தார்.

கிளம்பும்போது அப்பா வாசல்வரை வந்தார். "இங்க பாரு ஆராய்ச்சி, அவங்கதான் கேள்வி கேப்பாங்க. நீ கேக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுதுப்பா."

"எங்க புரிஞ்சுது!" என்றாள் மெஷின்மேல் இருந்த அம்மா, நடுங்கும் குரலில்.

தலைமையாசிரியை கேமராவில் விழாத மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கோ. முதுகை நிமித்து."

திரையில் வந்த பேராசிரியைக்குக் கனிவான முகம். குடும்பத்தைப் பற்றிக் கேட்டார், பிடித்த பாடத்தைக் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"உங்க பள்ளியில ஒன்பது சிறப்புப் பாடம் இருக்குன்னு எழுதியிருக்காங்க. நீங்க எடுத்திருக்கிறது ஒண்ணுதான். படிக்க வர்றது இயற்பியல், ஆனா அதைக்கூட எடுக்கலையே. ஏம்மா?"

ஒன்பதில் ஒன்றை எடுத்தவளுக்கு அந்தக் கல்லூரியில் இடமில்லை. இருந்ததே ஒன்றுதான் என்று சொன்னால் மூலையில் இருப்பவரின் மானம் போகும். ஓரக்கண்ணால் பார்த்தாள். தலைமையாசிரியை ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. அதைக் கண்டதும் பயத்தையும் மீறி அவளுடைய பழைய குணம் தலைதூக்கியது.

"நடக்கிறது ஒண்ணுதான் மேடம். அதை எடுத்திருக்கேன். மத்த எட்டும் ஏன் பலகையில இருக்குன்னு எனக்கும் ரொம்ப நாளாத் தெரிஞ்சுக்கணும்னு ஆசை. எங்க தலைமையாசிரியை இங்கதான் இருக்காங்க. கேக்கட்டுமா?"

நாற்காலி கிறீச்சிட்டது. தலைமையாசிரியை எழுந்து வந்து திரைக்கு முன்னால் குனிந்தார். முகம் சிவந்திருந்தது.

"பலகையிலேருந்து பேரை எடுத்துட்டா, அந்த டீச்சர் வேலையையே எடுத்துடுவாங்க மேடம். பேர் இருந்தாத்தான் டீச்சர் குடுங்கன்னு மேலிடத்துல கேக்க முடியும். வருஷா வருஷம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அதையே உங்களுக்கும் எழுதினது தப்பு. அது பெருமைக்கு எழுதினது. இந்தப் பொண்ணு தலையிலேயே வந்து விடியும்னு யோசிக்கல."

பேராசிரியை எதையோ குறித்துக்கொண்டார். "சரி. வகுப்பு இல்லாம நீங்க என்ன பண்ணீங்க?"

"எங்க கடை மெஷின் ஒண்ணு நடக்கும் மேடம்..."

மிச்ச நேரம் முழுவதும் அந்த மெஷின்தான். கோடுகள், துண்டுகள், ஜீன்ஸ், சுற்றுகள் எல்லாவற்றையும் பேராசிரியை கேட்டார். கடைசியில் அவர் கேட்டார்: "உங்க அம்மா மேல உட்கார்ந்தா ஆட்டம் எந்த வேகத்துல தொடங்குது?"

அதை ஆராய்ச்சி அளந்ததே இல்லை. அம்மாவையும் கனத்தில் சேர்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றாமல் போனது?

வீட்டுக்கு ஓடி வந்தவளிடம் அப்பா, "என்னாச்சு? இடம் குடுப்பாங்களா?" என்றார்.

"தெரியலப்பா. அம்மா, ஏறி உக்காரு. நான் சொல்ற வரைக்கும் எறங்காதே."

இடம் கிடைத்தது. வகுப்புகள் தொடங்குமுன் இயற்பியலில் தயாரிப்புப் படிப்பு ஒன்றை முடித்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு.

"நீ போயிட்டா மெஷின்மேல யாரு உக்காருறது?" என்று அப்பா கவலைப்பட்டார்.

"இவ என்னைக்கு உக்காந்தா? இனிமே நீங்கதான்," என்றாள் அம்மா. "இத்தனை வருஷம் நான் ஆடினது போதும்."

சேதி சொல்ல ஆராய்ச்சி பள்ளிக்குப் போனாள். வாசலில் பெயின்டர் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். பலகையில் எட்டுப் பாடங்களுக்கு அருகிலும் 'ஆசிரியர் தேவை' என்று எழுதிக்கொண்டிருந்தார். கீழே தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"எழுத்து ஏன் மேடம் இவ்வளவு சின்னதா இருக்கு?" என்று கேட்டாள் ஆராய்ச்சி.

தலைமையாசிரியை அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அண்ணாந்து, "அண்ணே, கொஞ்சம் பெருசா எழுதுங்க," என்றார்.