கயிற்றால் அளந்த டிராக்டர்

டிராக்டர் வருவதற்கு ஏழெட்டு மாதம் முன்பே டிராக்டர் கேட்லாக் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் வழவழப்பான தாளில், முழுக்க இங்கிலீஷில். மதுரை ஏஜெண்டிடமிருந்து என் வீட்டுக்காரர் வாங்கி, தூசி படாமல் வேட்டித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்த மறு வருஷம் அது. எனக்குக் கல்யாணமாகிக் கோம்பைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். வீட்டுக்காரர், அவருடைய அம்மா, நான். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். அதிலிருந்து நிலம் நீச்சு எல்லாம் அத்தையின் பொறுப்பு. எந்த வயலில் எந்தப் பக்கம் வரப்பு தளர்ந்திருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லுவார். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்காரர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். நான்தான் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது வரை முடித்தவள். அந்தப் படிப்பால் புகுந்த வீட்டில் அதுவரை ஒரு காசு பிரயோசனம் இல்லை. ரசம் வைப்பதில் என்னைப் பற்றி அத்தைக்குப் பெரிய அபிப்பிராயமும் இல்லை.

கேட்லாக் வந்த அன்று மத்தியானம், பருத்தி போட்டு வைக்கும் அறையில் அத்தை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஒரு எழுத்து விடாமப் படிச்சுச் சொல்லு தாயி. உன் புருசன் படத்தப் பாத்தே மயங்கிருவான்."

உண்மையில் மயங்கித்தான் இருந்தார். முதல் கேட்லாக்கில் இருந்தது பெரிய டிராக்டர். சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலிப் பட்டை. முன்னால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மண் தள்ளும் தகடு. இரண்டாவது சிறியது. நான்கு ரப்பர் டயர். அதற்குப் பின்னால் வேண்டிய சாமானை மாட்டிக்கொள்ளலாம். உழக் கலப்பை, மண்ணை வாரிக் கொண்டுபோய்க் கொட்டப் பெரிய முறம் போன்ற வாரி, குழி போட நிலத்துக்குள் சுற்றிச் சுற்றி இறங்கும் திருகு.

எங்களுக்கு டிராக்டர் தேவைப்பட்டது மேற்கே மலையடிவாரத்தில் கிடந்த பன்னிரண்டு ஏக்கருக்காக. மலையிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர் அதை நாலைந்து இடத்தில் அறுத்துப் பள்ளமாக்கியிருந்தது. பள்ளத்தைத் தூர்த்து, மேட்டைச் சரித்து, கரை போட்டு, தென்னை வைக்க வேண்டும் என்பது வீட்டுக்காரரின் ஆசை.

"சின்னது பாக்க வண்டியாட்டம் இருக்கு ஆத்தா. பெருசுதான் மிசினு," என்றார்.

"பாக்கிறதுக்கா வாங்குறோம்?" என்றார் அத்தை.

மாசிக் கடைசியில் ஏஜெண்டு இரண்டு டிராக்டரையும் லாரியில் ஏற்றிக் கம்பத்துக்குக் கொண்டுவந்து, அறுவடை முடிந்த ஒரு வயலில் ஓட்டிக் காட்டினார். சுற்று வட்டாரமே கூடியிருந்தது. நாங்களும் வண்டி கட்டிக்கொண்டு போனோம். சிறியது அமைதியாக நாலு சால் உழுதது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பெரியது உறுமிக்கொண்டு வந்து, வயல் ஓரத்தில் கிடந்த புளியமரத் தூரை ஒரே முட்டில் பெயர்த்துத் தூக்கிப் போட்டது. கூட்டம் ஆ என்று ஆர்ப்பரித்தது. என் வீட்டுக்காரர் அதையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

அங்கே உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவரும் வந்திருந்தார். மாமனாருக்கு நெருங்கிய சிநேகிதர், அத்தையை அக்கா என்று கூப்பிடுவார். ஆற்றோரத்தில் அவருக்குத் தென்னந்தோப்பு இருந்தது. அதை இன்னும் பெரிதாக்க நினைத்திருந்தார்.

"என்னக்கா, எதை வாங்கலாம்ங்கிறீக?" என்று கேட்டார்.

"இருங்க தம்பி, அளந்து பாத்துச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அத்தை நேரே எங்கள் வண்டிக்குப் போய், வைக்கோல் கட்டும் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். பெரிய டிராக்டரின் ஒரு பக்கத்தில் கயிற்று முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். தான் மறுபக்கம் போய் இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். சிறியதற்கும் அப்படியே ஒரு முடிச்சு.

ஏஜெண்டு சிரித்துக்கொண்டே, "உழவுக்கும் அகலத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார்.

"ஒழவுக்கு ஒண்ணுமில்ல. எங்க ஊருப் பாதைக்கு இருக்கு."

மறுநாள் காலையில் அத்தையும் நானும் அந்தக் கயிற்றின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்து அந்த மலையடிவாரத் தோட்டம் வரை நடந்தோம். வீட்டுக்காரர் பின்னால் வந்தார். தெருவில் இருந்தவர்கள் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு கூடவே நடந்தார்கள். கடை வீதி தாண்டுவதற்குள் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர், "பொண்ணு அழைப்புக்கு வந்த கூட்டத்தைவிட இது சாஸ்தி," என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஊர் தாண்டியதும் இரண்டு தோட்டத்துக் கல்சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து வரும். சின்ன டிராக்டருக்குப் போட்ட முடிச்சைப் பிடித்துக்கொண்டு நாங்கள் தாராளமாகப் போனோம். பெரியதற்குப் போட்ட முடிச்சைப் பிடித்தபோது கயிறு தொய்ந்தது. ஒரு சாண் அளவு இடம் போதவில்லை. சுவருக்குச் சொந்தக்காரர் அங்கேயே நின்றிருந்தார்.

"இடிச்சுக்கிறதுனா இடிச்சுக்கங்க. ஆனா எங்கப்பா கட்டினாப்புல கட்டித் தரணும்," என்றார். அவருடைய அப்பா கட்டியதைப்போலக் கட்ட இனி யாரும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது வாய்க்கால் மேல் போட்டிருந்த கல்பாலம். "அந்த மிசினு எம்புட்டுக் கனம்னு போட்டிருந்துச்சு தாயி?" என்று அத்தை கேட்டார். நான் சொன்னேன். அவர் மனசுக்குள் நெல் மூட்டைக் கணக்காக மாற்றிப் பார்த்துவிட்டு, "பாரம் ஏத்துன வண்டி அஞ்சை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனாப்புல," என்றார்.

"பாலத்த நாம புதுசாக் கட்டிக்கலாம் ஆத்தா."

"ஏலே, டிராக்டர வாங்கிட்டு அதுக்கு ஒரு ஊரும் கட்டணுமா?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சின்ன டிராக்டர் என்று முடிவாயிற்று. ராவுத்தரும் தான் சின்னதையே வாங்குவதாகச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த பிரச்சினை பின்னால் மாட்டும் சாமான். கலப்பை டிராக்டரோடு வந்துவிடும். வாரி, திருகு இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் சீமையிலிருந்து வரும் இந்தக் கப்பலில் வரவழைக்க முடியும், மற்றது வர ஒரு வருஷம்கூட ஆகலாம் என்று ஏஜெண்டு எழுதியிருந்தார். அத்தை வாரிதான் வேண்டும் என்றார், ராவுத்தருக்கும் அதையே சொல்லி அனுப்பினார். எனக்கோ திருகின் மேல் ஆசை. படத்தில் அது அவ்வளவு அழகாக இருந்தது. அதன் கீழே குவிந்து கிடந்த மண்கூட சல்லடையில் சலித்ததுபோல இருந்தது. அந்த வீட்டில் ஒரு விஷயத்தில் என் பேச்சு எடுபடுமா என்று பார்க்கும் ஆசையும் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

"பள்ளத்த ஆளு வச்சுத் தூத்துக்கலாம் அத்தை. குழிதான் கஷ்டம். ஒரு ஆளு பகல் முழுக்கப் போடுற குழிய இது காப்பி ஆறுறதுக்குள்ள போட்டுருமாம்," என்றேன்.

கேட்லாக்கில் காப்பி எல்லாம் இல்லை. அதில் இருந்தது வேறு ஒன்று. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், கல் இல்லாத நிலத்துக்கு மட்டும் என்று ஒரு வரி. அதை நான் படித்தேன். ஆனால் வாய்விட்டுப் படிக்கவில்லை.

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "படிச்ச பிள்ளை சொல்லுது. அதையே எழுதிப் போடு," என்றார்.

ஐப்பசியில் டிராக்டர் லாரியில் வந்து இறங்கியது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்த வித்தையை வீட்டுக்காரர் இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் திருகை மாட்டித் தோட்டத்துக்கு ஓட்டிப் போனார். சந்துக்குள் டிராக்டர் சுலபமாகப் போனதைப் பார்த்து அத்தைக்குப் பெருமை. நான் விவரப் புத்தகத்தோடு பின்னால் நடந்தேன்.

முதல் குழிக்குத் திருகு ஒரு முழம் இறங்கியது. மண் படத்தில் பார்த்தபடியே பொலபொலவென்று மேலே வந்தது. நான் பூரித்துப்போனேன். அடுத்த நொடி கிரீச் என்று காதைக் கிழிக்கும் சத்தம். பொறி பறந்தது. திருகு துள்ளிக் குதித்து நின்றது. உள்ளே ஒரு சின்னப் பின் உடைந்திருந்தது. திருகு உடையாமல் இருக்க அந்தப் பின் முதலில் உடைவதுதான் ஏற்பாடு என்று புத்தகம் சொன்னது. வேறு பின் மாட்டினோம். பத்தடி தள்ளி வைத்தோம். மறுபடியும் கிரீச். மத்தியானத்துக்குள் முதலில் மாட்டியிருந்ததோடு சேர்த்து ஆறு பின்னும் தீர்ந்துவிட்டன. முழங்கால் ஆழத்துக்கு ஆறு அரைகுறைக் குழிகள். எல்லாவற்றின் அடியிலும் பூசணிக்காய் அளவுக்குக் கல்.

வீட்டுக்காரர் இறங்கி வந்து தலையைத் துடைத்துக்கொண்டார். "கல்லப் பத்தி அந்தக் கேட்லாக்குல ஒண்ணுமே போடலியா?" என்று என்னைக் கேட்டார்.

ஒன்றும் போடவில்லை என்று சொல்லியிருக்கலாம். இங்கிலீஷ் தெரிந்த வேறு ஆள் அந்த வீட்டில் இல்லை. ஆனால் வாய் வரவில்லை.

"போட்டிருந்துச்சு. நான்தான் சொல்லல."

அவர் திருகைக் கழற்றப் போய்விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சந்துக்குள் வந்ததும் நின்றார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வாரியத்தான் வாங்குவீகன்னு."

அத்தை சுவரைத் தடவிப் பார்த்தார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கி நான் அந்தப் பெரிய மிசினுக்கு முடிச்சுப் போட்டேன்ல," என்றார் மெதுவாக, "அதை ஒரு சாண் தள்ளித்தான் போட்டேன். ஒட்டி உரசி உள்ள போயிருக்கும் அது. அவன் அதை வாங்கிருவான்னு பயம் எனக்கு. பாலம் தாங்காதுனு சொன்னா பாலத்தக் கட்டுவேன்ம்பான். அடுத்தவன் சுவத்த என்ன பண்ண முடியும்?"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு உதடு துடித்தது. எனக்கும் தாங்கவில்லை. அந்தச் சந்துக்குள் நின்று இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து அத்தை சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அவன்கிட்ட வாயத் திறக்காத," என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை இருந்த வரை நான் திறக்கவில்லை.

ஆனாலும் அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரர் என்னோடு அளந்துதான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ராவுத்தர் தன் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். அவருக்கும் டிராக்டர் வந்திருந்தது. முகத்தில் சிரிப்பில்லை.

"அக்கா, உங்க பேச்சக் கேட்டு நான் கெட்டேன்," என்றார். "வாரி வாங்குங்க, வாரி வாங்குங்கன்னு நீங்க சொன்னீகன்னு வாரிய வாங்கிட்டேன். எங்க தோப்புல வார்றதுக்கு என்ன இருக்கு? பூராம் சமதரை. எனக்கு வேண்டியது முந்நூறு குழி."

அத்தை என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"உங்க தோப்புல கல்லு இருக்கா மாமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"ஆத்து மண்ணுல கல்லு எங்கனருந்து வரும் மாப்பிள? விரல விட்டே நோண்டலாம்."

அன்று மத்தியானமே கொல்லரிடம் புதுப் பின் அடித்து மாட்டி, திருகை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். சாயங்காலம் வாரி வந்து சேர்ந்தது. மறுநாள் ராவுத்தர் கூப்பிட்டு, திருகு வேலை செய்வதைப் பார்க்க நாங்கள் மூவரும் போனோம். ஆற்றோரத்து மண்ணில் அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. நான் அத்தையிடம் சொன்ன பொய் அங்கே நிஜமாகிவிட்டது. ராவுத்தர் வீட்டிலிருந்து வந்த காப்பி ஆறுவதற்குள் இரண்டு குழி தயார். ராவுத்தர் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை வாங்கச் சொன்னது நீயாமே. நல்லாப் படிச்சிருக்க," என்றார். வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். வீடு திரும்பும்போது வண்டியில் வழி முழுக்கப் பழையபடி பேசிக்கொண்டு வந்தார்.

எங்கள் தோட்டத்தில் வாரி நன்றாகவே வேலை செய்தது. மேட்டிலிருந்து வாரிய மண்ணைக் கல்லோடும் கட்டியோடும் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. எங்கே கொட்ட வேண்டும் என்று கரையில் நின்று அத்தை கைகாட்டுவார். தைக்குள் ஐந்து பள்ளமும் தூர்ந்தன. தென்னங்குழிகளைக் கடப்பாரை போட்டு ஆட்கள்தான் தோண்டினார்கள். அதற்கு இரண்டு மாதம் பிடித்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் பகலெல்லாம் மலையில் கொட்டித் தீர்த்தது. மழை வெறித்ததும் நாங்கள் மூன்று பேரும் முழங்கால் வரை சேற்றோடு தோட்டத்துக்கு ஓடினோம். புதுக் கரைகள் ஒன்றும் உடையவில்லை. மலைத் தண்ணீர் நிதானமாக வந்து பாத்தி பாத்தியாக நின்றது. ஒவ்வொரு குழியிலும் ஒரு தென்னங்கன்று இரண்டு ஓலையோடு நின்றுகொண்டிருந்தது.

"அங்கன பாரு தாயி, அந்த மூலையில தண்ணி வழியுது," என்றார் அத்தை. வீட்டுக்காரர் மம்பட்டியை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனார்.