கட்டுக்குள் கலந்த அசல்

தார்வாட் கோர்ட்டுக்கு எதிரே ஈரண்ணாவின் ஜெராக்ஸ் கடையில் காகிதக் கட்டுகளுக்குத் துளை போடுகிறவள் சுவர்ணா. கணவன் விட்டுப் போன பிறகு மகளோடு அந்தத் தெருவுக்குக் குடிவந்தவள். பயந்த சுபாவம். பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பாள். துளை போடும் மெஷின் முன் உட்கார்ந்துவிட்டால் மட்டும் அந்தப் பயம் கையில் தெரியாது. செங்கல் கனமுள்ள கட்டைத் தட்டி நேராக்கிக் கைப்பிடியை இறக்குவாள். வெட்டுப்பட்ட வட்டத் துணுக்குகள் கீழே தட்டில் கொட்டும்.

அன்று நவலகுந்து பக்கத்துக் கிழவர் தியாமப்பா நில வழக்குக் காகிதங்களோடு வந்திருந்தார். கடையில் ஒரே கூட்டம். நகல் எடுத்த ஈரண்ணா, அவசரத்தில் அசலையும் அதே கட்டுக்குள் வைத்து நீட்டிவிட்டார். சுவர்ணா துளை போட்டாள். அடுத்தவர் கட்டுக்கும் போட்டாள். நூல் கோக்கப் புரட்டும்போதுதான் ஒரு தாள் விரலுக்குத் தடிப்பாகத் தட்டுப்பட்டது. பழைய முத்திரைத்தாள். ஓரத்தில் இருந்த ஊதாப் பெருவிரல் ரேகையின் நடுவைத் துளை தின்றிருந்தது.

அதை ஈரண்ணாவிடம் காட்டினாள்.

"பேசாம தெச்சுக் குடுத்துடு," என்றார் ஈரண்ணா காதோடு. "பூச்சி அரிச்சிடுச்சுன்னு நெனச்சுக்குவாரு."

"இவ்வளவு வட்டமா அரிக்கிற பூச்சி எந்த ஊர்லண்ணா இருக்கு?"

தாளை எடுத்துக்கொண்டு கிழவரிடம் போனாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அஜ்ஜா, கேஸ் கெட்டுடுமா?"

"கேஸ் கெடக்கட்டும் தாயி. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நகல் வாங்கிக்கலாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு. இது எங்கப்பன் வெரலு. போட்டோ கீட்டோ ஒண்ணும் இல்ல அவனுக்கு."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

விசிறியை நிறுத்திவிட்டு, மேசை விரிப்பைத் தரையில் போட்டு அதன்மேல் தட்டைக் கவிழ்த்தாள். அவளும் கிழவரும் உட்கார்ந்து ரேகைத் துணுக்கைத் தேடினார்கள். ஊதாவாகத் தெரிந்ததெல்லாம் கோர்ட்டு முத்திரையின் மசி. துளைமேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள், எதுவும் சேரவில்லை. நெற்றி வேர்வை சொட்டிவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே தேடினாள்.

அப்போது உள்ளே வந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர், "என்ன புழுக்கம்டா சாமி!" என்று விசிறியைப் போட்டுவிட்டார்.

குவியல் அப்படியே எழும்பிப் பறந்தது. "அய்யோ, நிறுத்துங்க!" சுவர்ணா விரிப்பின்மேல் குப்புற விழுந்தாள்.

"என்னக்கா, யாருக்குக் கல்யாணம்? அட்சதை தூவுறீங்க!" குமாஸ்தா சிரித்தார். கிழவரின் முகத்தைக் கண்டதும் விசிறியை அணைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் குனிந்தார். ஈரண்ணா ஷட்டரைப் பாதி இறக்கினார். வெளியே நின்றவர்கள் தகரத்தைத் தட்டிக் கத்தினார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் சுவர்ணா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாசல் வழியே பறந்திருந்தால்? சாக்கடையில் விழுந்திருந்தால்?

பெஞ்சுக்கடியில், யாரோ மிளகாய் பஜ்ஜி தின்று எறிந்த காகிதத்தில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. அதில் வளைந்த ஊதாக் கோடுகள். மூச்சை அடக்கிக்கொண்டு துளையில் பொருத்தினாள். ரேகை கூடியது. பின்னால் மெல்லிய தாளை ஒட்டினாள். ஓரத்து எண்ணெய்க் கறையை மட்டும் போக்க முடியவில்லை.

தியாமப்பா முகர்ந்து பார்த்தார். "பரவால்ல தாயி, அவனுக்கும் பஜ்ஜின்னா உசுரு," என்றார்.

அசலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். வழக்குக்குப் பதிவு அலுவலக நகலே போதுமாயிற்று.

சுவர்ணாவின் பயம்தான் அதிகமாகிவிட்டது. ஒவ்வொரு தாளையும் தடவிப் பார்க்காமல் இப்போது அவள் கைப்பிடியை இறக்குவதில்லை. "அக்கா நாடி பிடிக்குறாங்க, பொறுங்கப்பா," என்று வரிசையில் நிற்கிற குமாஸ்தாக்கள் கேலி செய்கிறார்கள். அவள் காதில் வாங்காமல் அடுத்த தாளைத் தொடுகிறாள்.