என் மதத்தில் நான் மட்டும்

இன்று ஹட்டனிலிருந்து நோர்வூட் வரும் பஸ்ஸில் ஒரு புதிய மதத்தைத் தொடங்கிவிட்டேன்.

பக்கத்தில் இருந்தவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா.

"டீச்சருக்கு எத்தன புள்ளைங்க?"

"கல்யாணமே கட்டலங்க."

"ஏங்க?"

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "எங்க மதத்துல அவங்கவங்க இஷ்டப்படி இருக்கலாங்க. ஏன்னு யாரும் கேக்கக் கூடாது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நல்ல மதமா இருக்கே! எத்தன பேரு இருக்கீங்க?"

"நான் மட்டுந்தான்."

இறங்கும் இடத்தில் அவர் எழுந்து, குனிந்து மெதுவாகக் கேட்டார்: "கல்யாணம் கட்டினவங்களும் சேரலாங்களா, டீச்சர்?"

நான் வாய் திறப்பதற்குள் இறங்கிவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சேரலாம், அக்கா.

இதைப் படிப்பவர்களில் வேறு யாராவது வருகிறீர்களா? கோயில் இன்னும் கட்டவில்லை. இடம் நிறைய இருக்கிறது.