ஒற்றையின் மறுபக்கம்

கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாண நகரத்து ரியூட்டரிக்கு, ஏ.எல். ரியூசன் வகுப்புக்குச் சைக்கிளில் போய்வந்த நாட்களில் எனக்கென்று ஓர் எழுத்தாளர் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வரும் வார இதழ் ஒன்றில் அவர் விஞ்ஞானத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் இரசாயன வகுப்பில் அவருடைய அருமை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. வேறொரு கிரகத்தில் கண்ணாடிக் கூரைக்குள் ஒரு நகரம், அதற்குள் காற்று மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வருகிறது, ஏன் குறைகிறது என்று ஓர் எஞ்சினியர் தேடுகிறான். இதுதான் கதை.

பக்கத்தில் இருந்து படித்த என் சிநேகிதிக்கு இன்னொருவர். அதே இதழில் மாயக்கதை எழுதிய பெண். அந்தக் கதையில் ஒரு நாடு இரவானால் எழும்பி நடக்கும், விடிந்ததும் எங்காவது ஒரு கடலோரத்தில் குந்திவிடும், அரசனுக்குத் தன் நாடு இன்றைக்கு எங்கே கிடக்கிறது என்று தெரியாது. எனக்கு இதைக் கேட்கவே சிரிப்பு வரும். ஏ.எல்.லில் பௌதிகம் படிக்கிறவள், நாட்டுக்குக் கால் முளைத்த கதையை வாய் பிளந்து வாசிக்கிறாளே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நக்கலடிப்பேன்.

அவள் சோனக தெரு முஸ்லிம் பெண். இதழை வாங்குகிறவர் அவளுடைய நானா, அதாவது அண்ணை. வீட்டில் எல்லாரும் வாசித்து முடிந்ததும் அவள் கத்தரிக்கோலோடு உட்காருவாள். அந்தக் காலத்தில் தொடர்கதையைக் கிழமைக்குக் கிழமை வெட்டிச் சேர்த்து, ஊசிநூலால் தைத்து, கோதுமைமாப் பசையால் பழைய கலண்டர் மட்டையை ஒட்டிப் புத்தகமாக்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் கதையின் பக்கங்களை எனக்கும் தன் கதையின் பக்கங்களைத் தனக்குமாக அவள் பிரிப்பாள்.

வில்லங்கம் ஒரே ஒரு ஒற்றையில்தான். என் கதை முடிகிற பக்கமும் அவளுடைய கதை தொடங்குகிற பக்கமும் எப்போதும் ஒரே தாளின் முன்னும் பின்னுமாக அச்சாகி வரும். நான் எடுத்தால் அவளுக்குத் தலையில்லை, அவள் எடுத்தால் எனக்கு வாலில்லை. ஒரு கிழமை முழுக்க இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தோம். காசு கொடுப்பது அவளுடைய நானா என்பதால் கடைசியில் ஒற்றை அவளுக்கே போனது. எனக்குக் கிடைக்காத அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதித் தரச் சொல்லி நான் கெஞ்சினேன்.

"எழுதித் தர எனக்குப் பஞ்சி. வாயால சொல்லுறன், நீர் எழுதும்" என்றாள்.

இப்படித்தான் அது தொடங்கியது. சனிக்கிழமைகளில் வகுப்புக்கு முன்னமே போய்விடுவோம். கிடுகு வேய்ந்த வகுப்புக் கொட்டிலின் பின்வரிசை வாங்கில் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள், நான் கொப்பித் தாளில் எழுதுவேன். பாடமாக்குவதில் அவள் கெட்டிக்காரி என்று வகுப்பு முழுவதற்கும் தெரியும், ஆவர்த்தன அட்டவணையை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். அதனால் எனக்குச் சந்தேகம் ஏதும் வரவில்லை. எழுதிய தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அச்சுப் பக்கங்களோடு சேர்த்துத் தைத்தேன்.

எந்த எழுத்தாளர் பெரியவர் என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. மொஸ்கோவில் அச்சடித்து மலிவாக வந்த புத்தகங்களின் ஆட்களையும், இங்கிலீஸ் மாஸ்டர் இரவல் தந்த தடித்த நாவல்களின் ஆட்களையும் கூட இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவோம். சுற்றிச் சுற்றி எங்கள் இரண்டு தொடர்கதைக்காரரில்தான் அது வந்து முடியும்.

"உம்மடை ஆளுக்கு மெசினைத் தெரியும். மெசினுக்குப் பக்கத்தில நிக்கிற மனுசரைத் தெரியாது" என்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடனே என் புத்தகத்தை விரித்து ஆதாரம் காட்டுவேன். அந்தக் கண்ணாடி நகரத்துப் பிள்ளைகள், வானத்தில் வருவது எந்தக் கப்பல் என்று அண்ணாந்து பார்க்காமலே இரைச்சலை வைத்துச் சொல்லிவிடுவார்கள். சரக்குக் கப்பலென்றால் விளையாடிக்கொண்டே இருப்பார்கள், மற்றதென்றால் ஒருவரும் சொல்லாமலே கட்டிலுக்குக் கீழே போய்விடுவார்கள். ஹெலிச் சத்தத்துக்கும் பொம்பர் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரிந்து வளர்ந்த எனக்கு இதை எழுதும்போதே மேல் புல்லரித்தது. இன்னொரு கிழமை, எஞ்சினியரின் மனைவி வீட்டை விட்டு ஓட வேண்டிய நேரத்தில் திரும்பி வந்து, ஊறப்போட்ட உடுப்பை அலம்பிக் கொடியில் போட்டுவிட்டுப் போவாள். மெட்ராஸில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிற மனுசன் எங்களைப் பார்க்காமலே எங்களை எழுதுகிறார், இதுதான் விஞ்ஞான எழுத்தாளனின் தீர்க்கதரிசனம் என்று நான் பிரசங்கமே செய்தேன்.

அவள் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டு, "ஓம், அது நல்லாத்தான் கிடக்கு" என்றாள். ஒரு தரமாவது தோற்றுப்போனாளே என்று எனக்குப் பெரிய சந்தோசம்.

அடுத்த கிழமை அத்தியாயத்தில் அந்த உடுப்பும் இருக்காது, அந்தப் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். பெரிய எழுத்தாளர்கள் இப்படித்தான், நல்லதை எழுதிவிட்டு அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். பெருநாளுக்கு அவள் வீட்டுக்குப் போனபோது அந்த ஒற்றைகளெல்லாம் சேர்த்துத் தைத்த அவளுடைய புத்தகம் அலுமாரியில் கண்ணுக்கு நேரே இருந்தது. நடக்கிற நாட்டின் கதையை யார் தொடுவார்கள் என்று வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் திரும்பச் சண்டை தொடங்கியது. பாதை பூட்டுப்பட்டது, இதழ் வருவதும் நின்றது. என் எஞ்சினியர் காற்றுக் குழாய்க்குள் பாதி தூரம் ஊர்ந்துகொண்டிருந்தான். நகரம் பிழைக்குமா, மூச்சடைத்துப் போகுமா? மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சோப் இல்லை. நான் அழுததோ இந்த முடிவுக்குத்தான். வகுப்பு நடந்த ஏதோ ஒரு நாளில் இதைச் சொல்லி அவளிடம் மூக்கால் அழுதேன்.

"முடிவு எனக்குத் தெரியும். ஆறுதலா ஒரு நாளைக்குச் சொல்லுறன்" என்றாள்.

வராத இதழை எங்கே வாசித்தாய் என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். மணி அடித்துவிட்டது, வகுப்புக்குள் போய்விட்டோம்.

ஐப்பசி கடைசியில், ஆயுதம் வைத்திருந்தவர்கள் முஸ்லிம் சனங்கள் எல்லாரும் உடனே யாழ்ப்பாணத்தை விட்டுப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். கொக்குவிலுக்குச் செய்தி வந்து, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிப்போனபோது சோனக தெரு வெறுமையாகக் கிடந்தது. அவளுடைய வீட்டுக் கதவு திறந்தபடி இருந்தது. கொடியில் உடுப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீதியில் நின்று அழுதேன். புத்தளம் பக்கம் போய்விட்டார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் போர் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கொழும்பிலிருந்து கிளாலிக் கடல் தாண்டி வந்த என் மாமி, நான் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்த நாவலைப் புத்தகமாகவே வாங்கி வந்தார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடாமலே உட்கார்ந்து முடிவை வாசித்தேன். எஞ்சினியர் பழுதான வால்வைக் கண்டுபிடிக்கிறான், காற்று திரும்புகிறது, எல்லாரும் கை தட்டுகிறார்கள்.

இவ்வளவுதானா என்று இருந்தது. மனம் ஆறாமல், பிடித்த இடங்களையாவது திரும்ப வாசிப்போம் என்று இரைச்சலை வைத்துக் கப்பலைச் சொல்லும் பிள்ளைகளைத் தேடினேன். காணவில்லை. அந்த இடத்தில் எரிபொருளைப் பற்றி ஒரு நீண்ட விளக்கம் இருந்தது. உடுப்பு அலம்புகிறவளைத் தேடினேன். எஞ்சினியருக்கு மனைவியே இல்லை. நான் தைத்து வைத்திருந்ததை எடுத்து, ஒவ்வொரு அத்தியாயமாக ஒத்துப் பார்த்தேன். அச்சடித்த பக்கங்கள் எல்லாம் வரிக்கு வரி சரி. என் கையெழுத்தில் இருந்த தாள்களில் மட்டும், நகரத்தின் பெயரையும் குழாயின் பெயரையும் தவிர அவருடையது என்று சொல்ல ஒரு வரியும் இல்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, கண்ணை மூடிக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல, "கொஞ்சம் ஆறுதலாச் சொல்லும், எனக்குக் கை ஓடுதில்லை, ஆள் எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறார்" என்று நான் அவளிடமே சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் கண்ணைத் திறக்கவில்லை. வாய் மட்டும் சிரித்தது. அந்த முகத்தை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் போல் இருந்தது. மாமி வந்து, கேட்ட புத்தகம் கிடைத்தும் ஏன் அழுகிறாய் என்று கேட்டார்.

மாமி கொழும்புக்குத் திரும்பும்போது அந்த அச்சுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புத்தளம் பக்கம் போகிறவர்கள் யாரையாவது தெரியுமா என்று கேட்டேன். அவளைக் கண்டால் என்ன சொல்ல வேண்டும் என்றார். அந்த நகரத்துச் சனங்களுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது, அதைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள் என்றேன்.